துண்டுக்கடியில் சொன்ன வலி

ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம்
10 ஜூன் 2025

பேச்சிமுத்து அவர்களுக்கு,

உம் அக்காள் நாச்சியார் போனில் உம்மிடம் அழுததாகத் தெரிந்துகொண்டேன். சொன்னதில் பாதி அழுகைக்குள் போயிருக்கும். ஆகையால் நானே எழுதுகிறேன். உம் நம்பரை நான் அடைத்து வைத்திருப்பது உமக்குத் தெரியும். அதைத் திறக்கும் உத்தேசம் இல்லை. அதுபோக, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு பிடிக்கிறது. எழுதினால் அவ்வளவு இல்லை. வள்ளியூரிலிருந்து நம் கடை இருக்கும் சாலைக் கம்போளத்துக்குப் பிண்ணாக்கு லாரி ஓட்டும் கோலப்பன் இதைக் கொண்டுவருவான். பதில் இருந்தால் அவனிடமே கொடும்.

நேற்று நம் தீவன குடோனில் அடுக்கிவைத்த மூட்டை அட்டி சரிந்துவிட்டது. மழையில் தரை ஓதம் ஏறி அடிமூட்டை நைந்திருக்கிறது. மூட்டை சுமக்கும் தொழிலாளி ஷாஜி முன்னமே சொன்னான்: "அண்ணாச்சி, அட்டி சரிஞ்சு நிக்குது. மேலே கேறண்டா. சாயா குடிச்சிட்டு வந்து ஞங்ஙள் எறக்கித் தராம்." தீவனம் வாங்க வந்த கல்லாற்றுப் பண்ணைக்காரர் ஜீப்பை வாசலில் போட்டுவிட்டு நிற்கிறார். அவர்கள் சாயா குடித்து முடியும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. ஏறினேன். மேல்வரிசை முழுக்க என்மேல் வந்தது.

இடது பக்கம் ஐந்து விலா எலும்பு முறிந்திருக்கிறது. சிலது இடம் விலகியும் இருக்கிறது. நுரையீரலுக்கு வெளியே கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறதாம்.

இங்கே இரண்டு டாக்டர், இரண்டு பேச்சு. வார்டு டாக்டர் அனந்த் சின்ன வயசுக்காரர். "அங்கிளே, அதிகம் பேர்க்கும் ஆபரேஷன் வேண்டி வராது. வேதன கொறச்சு, நல்லா மூச்சு இழுத்து, சளியத் துப்பினா எலும்பு தானா கூடிக்கும்" என்கிறார். அறுவை டாக்டர் ரெனி என்று ஓர் அம்மாள். வலி அடங்காமல் மூச்சு மேலோட்டமாகவே போனால் நெஞ்சைக் கீறி எலும்புக்குத் தகடு வைக்க வேண்டும் என்கிறார். வைப்பதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் வைப்பதுதான் நல்லது, நாள் போனால் வேலை கஷ்டமாம்.

இந்த வாரத்துக்குள்ளாம், கேட்டீரா? "இன்னைக்கே முடிங்க, நாளைக்கு மாடு இருக்காது" என்று சொன்ன எவனிடமும் நான் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியதில்லை.

காலையும் மாலையும் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. வலி பத்துக்கு எவ்வளவு? பிறகு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொல்கிறார்கள். இழுத்தால் அதற்குள் இருக்கும் மூன்று பந்தும் மேலே ஏற வேண்டும். வலிக்கு நான் சொல்லும் எண்ணையும் பந்தையும் பார்த்துத்தான் தகடு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இரண்டுமே என் கையில்தான் இருக்கின்றன. வலி நாலு என்று சொல்லியிருக்கிறேன்.

நீர் வரவேண்டாம். அடுத்த லோடை மட்டும் மில்லில் சொல்லி நிறுத்திவையும். குடோனில் இறக்க இடமில்லை.

நயினார்

•

வள்ளியூர்
11 ஜூன் 2025

அத்தானுக்கு,

வரவேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள், அதனால் வரவில்லை. லோடை நிறுத்திவிட்டேன்.

வலி நாலு என்பதைத்தான் நம்ப முடியவில்லை. ஒரு தும்மல் வந்ததற்குத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணீர் விட்டீர்களாம், அக்கா சொன்னாள். நீங்கள் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. மாடு காலை மிதித்து நகம் பெயர்ந்த அன்றுகூட, "செருப்பு புதுசுடே, அதான் கடிக்கி" என்றவர் நீங்கள்.

உங்கள் நாலு என்ன என்று எனக்குத் தெரியும், அத்தான். மேலப்பாளையம் சந்தையில் எத்தனை வருஷம் தரகனாக உங்கள் கையைப் பிடித்திருக்கிறேன். வாயால் விலை சொன்னால் நாலு பேர் காதில் விழும் என்று கையின்மேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில் நம்முடையது. மனசுக்குள் ஒன்பது வைத்துக்கொண்டு நாலு விரலில் ஆரம்பிப்பீர்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. கேரளத்துப் பண்ணைக்காரர்கள் உங்களிடம் சொல்லி மாடு வாங்குவதே அந்த முகத்துக்காகத்தான். ஆனால் டாக்டர் மாடு விற்க வந்தவரில்லையே.

எலிசாள் பசுவை விற்க வந்த அன்றைக்கு நான் வாயைத் திறந்தது தப்பு என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டது. தரகன் துண்டுக்கடியில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாதுதான். அவள் புருஷன் செத்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை. "விட்டுராதீங்க அக்கா, இவிய விலையில இன்னும் ஏறுவாவ" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மூன்று வருஷம் நீங்கள் பேசவில்லை. இன்னும் மூன்று வருஷம் பேசாவிட்டாலும் அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அது கிடக்கட்டும். ஆபரேஷன் வேண்டாம் என்றால் ஒரு வழி சொல்கிறேன். அக்காளிடம் சொல்லிப் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். எலும்பு ஆடாமல் இருந்தால் வலிக்காது. நம் நேசையன் ஆசான் கை கால் முறிவுக்கெல்லாம் கட்டுத்தானே போடுகிறார். நான் அவரைப் பார்த்துத் தைலமும் வாங்கி அனுப்புகிறேன்.

பேச்சிமுத்து

•

திருவனந்தபுரம்
12 ஜூன் 2025

பேச்சிமுத்து அவர்களுக்கு,

உம்மிடமிருந்து உருப்படியாக ஒரு யோசனை வந்திருக்கிறது. நாச்சியார் கட்டிவிட்டாள். இறுக்க இறுக்க வலி அடங்குகிறது. டாக்டர் வரும் நேரம் தெரியுமாகையால் அதற்கு முன் அவிழ்த்துவிடுவாள், அவர் போனதும் கட்டுவாள். இன்று காலை மூன்று என்றேன். அனந்த் டாக்டருக்குச் சந்தோஷம். வலிக்குப் போடும் ஊசியில் ஒரு வேளையைக் குறைத்துவிட்டார்.

பந்து விஷயமும் பிடிபட்டுவிட்டது. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பாதி மூச்சிலேயே இரண்டு பந்து ஏறிவிடும். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் சுஜா என்ற பெண் அந்தப் பக்கம் திரும்பும்போது மூன்றாவதையும் ஏற்றிக் காட்டினேன். இருமச் சொல்கிறாள். அதற்கு மட்டும் தந்திரம் எதுவும் அகப்படவில்லை. தொண்டையைச் செருமிக் காட்டுகிறேன்.

ரெனி டாக்டர்தான் லேசில் விடுகிறவராகத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். "அண்ணாச்சி, உங்க நம்பர் ஒரு பாஷ பேசுது, முகம் வேற பாஷ பேசுது. ஞான் எதை நம்பறது?" என்றார். "நம்பரை நம்புங்க டாக்டர், முகம் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வேறு யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன், நாச்சியார் காதுக்குப் போகக் கூடாது. நெஞ்சைக் கீறும்போது நான் உறங்கிக்கொண்டிருப்பேன். இந்தச் சாலைக் கம்போளத்துக்கு மாற்றுவேட்டி இல்லாமல் வந்தவன் நான். இன்றுவரை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வியாபாரமும் செய்ததில்லை. என்னைப் பற்றிய பேரத்தில் நானே விழித்திருக்க மாட்டேன் என்றால் எப்படிச் சம்மதிப்பது?

எலிசாள் கதையை மறுபடி எடுக்காதீர். அந்தப் பசு போனது பெரிசில்லை. அதற்குப் பிறகு சந்தையில் நான் யார் கையைப் பிடித்தாலும், "அண்ணாச்சி இன்னும் ஏறுவாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரிக்கிறான். என் கை செல்லாத கையாகிவிட்டது. அதைச் செய்தது உம் வாய்.

தைலம் வரட்டும்.

நயினார்

•

வள்ளியூர்
13 ஜூன் 2025

அத்தானுக்கு,

கட்டை உடனே அவிழ்த்துவிடுங்கள். மற்றதை அப்புறம் வாசியுங்கள்.

தைலம் கேட்டு நேசையன் ஆசானிடம் போனேன். எங்கே முறிவு என்றார். நெஞ்சு என்றேன். கட்டியிருக்கிறது என்றேன். கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "நெஞ்சைக் கெட்டச் சொன்ன மடையன் எவம்லே? கையும் காலும் வேற, இது வேற. மூச்சு போய் வரப்பட்ட இடத்தக் கெட்டினா மூச்சு எங்க போவும்? சளி உள்ளயே கெடந்து அழுகும். காய்ச்சல் வரும். என்கிட்ட எதுக்கு வந்த? ஆஸ்பத்திரியில கெடக்க ஆளுக்கு அங்க உள்ளவன் சொல்லுததக் கேக்கச் சொல்லு." கட்டச் சொன்ன மடையன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

லாரி களியக்காவிளை செக்போஸ்டில் மாட்டிக்கொண்டால் கடிதம் பிந்துமே என்று அக்காளிடம் போனிலும் சொன்னேன். "அவிய அவுக்க விடமாட்டேங்காவ. சுகமாத்தான இருக்கு, உனக்கு என்ன தெரியும்ங்காவ" என்கிறாள். பேச்சுக்கு நடுவில் நீங்கள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. வெயிலில் ஓட்டிவந்த மாடு மாதிரி இருந்தது.

நாலையும் மூன்றையும் விட்டுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு டாக்டர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தகடோ, ஊசியோ, அது அவர்கள் பாடு. பொய் எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் எதையும் சரியாகச் செய்ய முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

பேச்சிமுத்து

•

திருவனந்தபுரம்
14 ஜூன் 2025

பேச்சிமுத்துவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். கை ஓடவில்லை.

நேற்று மாலை சுஜா சொல்லாமல் வந்துவிட்டாள். முதுகைத் தட்டிச் சளி எடுக்கச் சட்டையைத் தூக்கினாள். கட்டைப் பார்த்துவிட்டாள். "ஈ துணி ஆரு கெட்டியது?" நாச்சியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சட்டையைக் கீழே இழுத்தேன். சுஜா ஓடிப்போய் ரெனி டாக்டரைக் கூட்டிவந்தாள்.

காய்ச்சல் அடிக்கிறது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். இடது பக்கம் அடியில் நுரையீரல் சுருங்கியிருக்கிறதாம். சளி கட்டியிருக்கிறது. தேங்கிய ரத்தமும் கூடியிருக்கிறது. பெட்டியை நேராகப் பிடிக்கச் சொன்னார்கள். பந்து ஒன்றுகூட ஏறவில்லை.

ரெனி டாக்டர் நாளைக்குள் முடிவு கேட்கிறார். மறுபடி பத்துக்கு எவ்வளவு என்றார். ஐந்து என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடிவிட்டார்.

நாச்சியார் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். போடாமல் இருக்கவும் மாட்டேன் என்கிறாள். தம்பி வந்தால்தான் எதுவும் என்கிறாள்.

வாரும். வந்து அவள் பக்கத்தில் நில்லும். டாக்டர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் வாரும்.

நயினார்

•

திருவனந்தபுரம்
15 ஜூன் 2025, மாலை

பேச்சிமுத்துவுக்கு,

நான் வெளியே போகச் சொன்னதும் போய்விட்டீர். எங்கே போனீர் என்று தெரியாது. சாலைக் கடையில் இருப்பீர் என்று ஷாஜியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சம்மதம் என்று சொல்லித்தான் வந்தீர். கட்டில் பக்கத்தில் நின்றீர். குளிருகிறது என்று நாச்சியார் என் கைமேல் துண்டைப் போட்டாள். அதற்கடியில் உம் கை வந்தது. மூன்று வருஷம் கழித்து வந்த கை. என் விரல் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம், நான் என்ன செய்ய.

அது உமக்குச் சொன்னது. உமக்கு மட்டும்.

ரெனி டாக்டர் உள்ளே வந்ததும் வாயைத் திறந்துவிட்டீர். "ஒன்பது, டாக்டர். அத்தானுக்கு வலி ஒன்பது. இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் பேரம்." அனந்த், சுஜா, பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் போனக்காட்டுக்காரர், அவர் மகள், எல்லோரும் கேட்டார்கள். எலிசாள் முன்னால் செய்ததையேதான் மறுபடியும் செய்தீர். நீர் கொஞ்சமும் மாறவில்லை.

நாளை காலை ஆபரேஷன். நாச்சியார் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நானும் போட்டேன். அதற்குமேல் என்ன மறைக்க இருந்தது?

ஒன்று எழுதிவைக்கிறேன். நான் எழுந்திருக்கவில்லை என்றால் அதுவும் உம் வாய்தான்.

நயினார்

•

சாலைக் கடை
16 ஜூன் 2025

அத்தானுக்கு,

உங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று அக்கா இப்போதுதான் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரலாம் என்று போனேன். உள்ளிருந்து ஏதாவது செய்தி வந்தால் அதை முதலில் கேட்கிறவன் நானாக இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இங்கிருந்து எழுதுகிறேன். நீங்கள் கண் விழித்ததும் அக்கா தருவாள்.

என் வாய்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் துண்டுக்கடியில் நடந்ததை நீங்கள் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஐந்து விரலையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். அதுதான் விலை என்று நினைத்துக் கையை எடுக்கப் போனேன். நீங்கள் விடவில்லை. மறுபடி நாலு விரல் கொடுத்தீர்கள், ஐந்தும் நாலும் ஒன்பது. அதற்கப்புறமும் விடவில்லை. பேரம் முடிந்தால் கையை உதறிவிடுகிறவர் நீங்கள். நேற்று உதறவில்லை. எனக்கு மட்டும் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன டாக்டரா, எனக்கு மட்டும் சொல்லி என்ன ஆகும்?

இன்னொன்றும் கேளுங்கள். நேற்று வராந்தாவில் ரெனி டாக்டர் என்னை நிறுத்தினார். "ஆதியமே, முதல் நாளே ஒன்பதுன்னு சொல்லியிருந்தா முதுகுல குழாய் வெச்சு வேதனைய மரப்பிச்சிருப்போம். நல்லா மூச்சு இழுத்திருப்பார், இருமியிருப்பார். ஒருவேள ஈ ஆபரேஷனே வேண்டி வந்திருக்காது. அனந்த் சொன்னதும் சரியான வழிதான். எல்லா விலா எலும்புக்கும் ஞான் தகடு வெக்கறதில்ல" என்றார். தகடு வேண்டாம் என்று நீங்கள் விலையை இறக்கினீர்கள். இறக்கி இறக்கித்தான் தகட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். அதில் நான் சொன்ன வேட்டிக்கும் பங்கு உண்டு. "எடோ, நீயோ துணி கெட்டச் சொன்னது?" என்று அவர் கேட்டபோது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சும்மா இருக்க முடியாமல் குடோனைத் திறந்தேன். ஷாஜியும் அவன் ஆட்களும் அட்டியை முழுக்கப் பிரித்து, அடியில் மரச்சட்டம் போட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணாச்சி வந்நாலும் இனி மேலே கேறான் விடில்ல. ஏணிய ஒளிச்சு வெக்கும்" என்கிறான்.

வாசலில் ஒரு வண்டி நிற்கும்போதெல்லாம் அக்கா அனுப்பிய ஆளோ என்று பார்க்கிறேன். எழுந்து வந்து திட்டுங்கள், அத்தான். மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷத்துக்கு வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுந்து வாருங்கள்.

பேச்சிமுத்து

•

திருவனந்தபுரம்
24 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

விழித்ததும் உன் கடிதத்தைத்தான் நாச்சியார் கையில் திணித்தாள். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியவில்லை. அவளே வாசித்தாள். ஏணி வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். உயிர் போய் வந்தது. அதற்கு உன்மேல் தனியாக ஒரு கோபம் பாக்கி இருக்கிறது.

நாலு எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். ஒன்றை அப்படியே விட்டுவிட்டார்கள், அது தானாகக் கூடுமாம். எதற்கு வைப்பது, எதை விடுவது என்று அந்த அம்மாளுக்குக் கணக்கு இருக்கிறது. தேங்கிய ரத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். நெஞ்சில் போட்ட குழாயை நேற்று உருவினார்கள். காய்ச்சல் இல்லை. தகடு டைட்டானியமாம். எலும்பு கூடியபின் கழற்றித் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். ரெனி டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

உறங்கினேன் என்பதே தெரியவில்லை. ஒரு பேரமும் கேட்கவில்லை. கண்ணை மூடியதும் திறந்ததும்தான் தெரிகிறது.

இன்று காலை நடந்ததை எழுதத்தான் கோலப்பனைக் காக்கவைத்திருக்கிறேன். அனந்த் டாக்டர் வந்து வழக்கம்போல், "அங்கிளே, பத்துல எத்ர?" என்றார். மூன்று என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. நாச்சியார் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு எதுவும் இல்லை, கை வெறுமனே போர்வைமேல் கிடக்கிறது. "ஏழு" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. போனக்காட்டுக்காரர் கஞ்சியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

டாக்டர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. மருந்தைக் கூட்டிவைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சுஜா வந்து தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள். இருமினேன். சளி வந்தது. மூச்சை இழுத்தேன், பெட்டியை நேராகப் பிடித்துக்கொண்டு. இரண்டு பந்து மேலே போய் நின்றது, மூன்றாவது பாதியில் நின்று ஆடியது. இப்போ எத்ர என்றாள். நாலு என்றேன்.

உண்மையான நாலு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது, மாப்பிள்ளை. நான் முதலில் சொன்ன நாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எலிசாள் விஷயத்தில் நீ செய்தது சரி என்று எழுதமாட்டேன். துண்டுக்கடியில் தெரிந்துகொண்டதைச் சொல்லலாம் என்றால் சந்தை நடக்காது. ஆனால் இனி எனக்கு மாடு பிடிக்கப் போகும்போது தரகனாக நீதான் வரவேண்டும். பின்னாலிருந்து சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அந்த வாயோடேயே வா.

நீ வள்ளியூருக்குக் கொண்டுபோன கடைச் சாவி உன்னிடமே இருக்கட்டும். அடுத்து வரும்போது, ஏணியை எங்கே வைத்திருக்கிறான் என்று ஷாஜியிடம் கேட்டு வை. எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இன்னும் ஒரு மாதத்துக்குக் கூப்பிடாதே, எழுது. உன் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் ஒன்பது.

அத்தான்
நயினார்